பூசி வருவதில்லை பளபளப்பு

சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ந்து நின்றவரின் சட்டை முதுகில் வெள்ளை அப்பியிருப்பதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். இருபது, முப்பது ஆண்டுகள் வெயிலில் நின்ற மோட்டார்ஹோம் ஒன்றின் பக்கச் சுவரில் விரலை வைத்து இழுத்தால், விரல்நுனியில் ஒட்டுவதும் அதே போன்ற வெள்ளைப் பொடிதான். மோட்டார்ஹோம் என்றால் அடுப்பு, படுக்கை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு சிறு வீட்டையே வயிற்றில் சுமந்துகொண்டு தானே ஓடும் வண்டி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஃபாரஸ்ட் சிட்டி என்ற ஊரில், வின்னபேகோ நிறுவனம் 1966இல் இவற்றைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யத் தொடங்கிய பிறகு நடுத்தரக் குடும்பங்களும் வாங்கத் துணிந்தன. இன்று இத்தொழிலின் தலைநகர் இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட். ஓய்வுபெற்றவர்கள் பலர் குளிர்காலம் பிறந்ததும் வடக்குப் பனியை விட்டு அரிசோனாப் பாலைவனத்துக்கு இந்த வண்டிகளில் இறங்கிவிடுகிறார்கள். குவார்ட்சைட் என்ற சிற்றூரைச் சுற்றி அந்த மாதங்களில் வண்டிகளே ஒரு நகரம்போலக் கூடிவிடும். பனிக்குத் தப்பிய வண்டி அங்கே வெயிலிடம் மாட்டிக்கொள்கிறது. புதிதில் முகம் பார்க்கலாம் போலிருந்த சுவர் ஆண்டுக்கு ஆண்டு மங்கி, வெளிறி, கடைசியில் பொடியாகப் பூக்கிறது.

அந்தப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர எதைப் பூசுவது என்பதுதான் பழைய வண்டி வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி. அதற்குப் பதிலாகக் கடைகளில் புட்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஆனால் கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது. பளபளப்பு தனியாக ஒரு பொருள் கிடையாது. மேல்தோல் சமமாக இருந்தால் தானாக வருவது அது. ஆகவே இழந்த பளபளப்பை மீட்கும் வேலை பூசுவதில் தொடங்காது, எடுப்பதில் தொடங்கும். கெட்டதை எடுக்க வேண்டும், தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது, எடுத்த கையோடு மிஞ்சியதைக் காக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் பணமும் உழைப்பும் வீணாவதோடு வண்டியின் ஆயுளும் குறையும்.

ஏன் அப்படி என்பது அந்தத் தோல் பிறக்கும் விதத்தைப் பார்த்தால் விளங்கும். 1980களிலும் 90களிலும் வந்த மோட்டார்ஹோம்களில் பலவற்றின் மேனி ஃபைபர் கிளாஸ். அதன் வெளித்தோலுக்கு ஜெல்கோட் என்று பெயர். சாதாரண வண்டியில் உடம்பைச் செய்து முடித்த பிறகு வண்ணம் அடிப்பார்கள். இங்கே எல்லாம் தலைகீழ். வண்டியின் முன்பக்க வளைவுக்கு ஒரு அச்சு இருக்கும். அந்த அச்சின் உட்புறத்தைக் கண்ணாடிபோல மெருகேற்றி, மெழுகு தடவி, முதலில் நிறம் கலந்த பாலியெஸ்டர் பிசினை அதில் தெளிப்பார்கள். அது பாதி இறுகியதும் அதன் முதுகில் கண்ணாடி இழைகளையும் பிசினையும் அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். இறுகியபின் அச்சிலிருந்து பெயர்த்தெடுத்தால், முதலில் தெளித்த வண்ணம் வெளித்தோலாக நிற்கும். தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பிடித்திருக்கும் ஃபைபர் படகுகளும் இப்படித்தான் பிறக்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரமெங்கும் பெருகிய அந்தப் படகுகளின் விளிம்பு சில ஆண்டுகளில் வெளிறிப்போவதை மீனவர்கள் நன்றாக அறிவார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. புதிய ஜெல்கோட்டின் மினுக்கம் யாரும் மேலே பூசியதால் வந்தது அன்று. அச்சின் வழவழப்பை அது அப்படியே படியெடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

வழவழப்பான பரப்பில் விழும் ஒளி ஒரே கோணத்தில், ஒழுங்காகத் திரும்புகிறது. அதனால்தான் அதில் எதிரே நிற்கும் மரமும் வானமும் தெரிகின்றன. அதே பரப்பில் கண்ணுக்குத் தெரியாத அளவில் மேடுபள்ளங்கள் விழுந்துவிட்டால், ஒளி திசைக்கொன்றாகச் சிதறுகிறது. மரமும் வானமும் கலைந்துபோகின்றன; நிறத்தின் மேல் ஒரு வெண்புகை படிந்தாற்போல் ஆகிறது. இதைச் சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மங்கிய சுவரில் ஒரு கை தண்ணீரை விசிறுங்கள். நனைந்த இடத்தில் பழைய நிறம் சட்டென்று திரும்பும். ஆழமான நீலம் நீலமாகவே தெரியும். தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பி, மேலே ஒரு சமதளத்தை உண்டாக்கியதன் விளைவு இது. ஈரம் காயக் காய மங்கல் ஓரத்திலிருந்து உள்ளே நகர்ந்து வரும். தண்ணீரில் நிறம் இல்லை, மெழுகு இல்லை, எதுவும் இல்லை. ஆனாலும் பளபளப்பு வந்து போயிற்று. கெட்டுப்போனது மேற்பரப்பின் சமதளம்தான், நிறம் அடியில் பத்திரமாகவே இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை. நனைத்தும் நிறம் திரும்பவில்லை என்றால் கெடுதல் ஆழமாக இறங்கிவிட்டது என்று பொருள்.

கெடுத்தது வெயில். அதிலுள்ள புற ஊதாக் கதிர்கள், பிசினின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கும் அளவுக்கு ஆற்றல் உடையவை. அறுந்த இடத்தில் காற்றின் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது. பனியும் மழையும் சிதைந்த துணுக்குகளைக் கழுவிக்கொண்டு போகின்றன. வெள்ளை வண்டியில் இன்னொன்றும் நடக்கிறது. வெண்மைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாக் கதிரை உறிஞ்சி அடியிலுள்ள பிசினைக் காக்கிறது. ஆனால் ஈரமும் ஆக்சிஜனும் கூட இருக்கும்போது, தன்னை ஒட்டியிருக்கும் பிசினை அதுவே மெல்லச் சிதைக்கவும் செய்கிறது. பிடித்திருந்த பிசின் போனபின் நிறமித் துகள்கள் பிடிமானம் இல்லாமல் மேலே கிடக்கின்றன. விரலில் ஒட்டும் பொடி அதுதான். இதை அழுக்கு என்று நினைத்துச் சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவினாலும் மங்கல் போகாததற்குக் காரணமும் அதுவே. எப்போதும் ஒரே திசையில் நிறுத்தப்பட்ட வண்டியில் தெற்கு பார்த்த பக்கம் அதிகம் வெளிறியிருக்கும். பக்கவாட்டு விளக்கு ஒன்றைத் திருகாணி கழற்றி எடுத்துப் பாருங்கள். அதனடியில் வெயில் படாத ஒரு சிறு செவ்வகம், தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றிருந்த நிறத்தோடு மினுங்கும். அதன் விளிம்பில் நகத்தை ஓட்டினால், வெளியே எவ்வளவு மாறிவிட்டது என்பது கைக்கே தெரியும். வேலை எதை நோக்கிப் போக வேண்டும் என்பதற்கு அந்தச் செவ்வகமே அளவுகோல்.

மங்கிய பித்தளைக் குடத்தை நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? புளி போட்டுத் தேய்ப்பார்கள். புளி குடத்துக்கு எந்த மினுக்கத்தையும் கொடுப்பதில்லை. அதன் அமிலம் களிம்பைக் கரைக்கிறது, அடியில் இருந்த பித்தளை வெளியே வருகிறது. ஜெல்கோட்டுக்கும் நியாயம் இதுவே. முதலில் மென்சோப்பும் தண்ணீரும் கொண்டு வண்டியைக் கழுவ வேண்டும். கூரையிலிருந்து தொடங்குவது நல்லது. பழைய வண்டிகள் பலவற்றின் கூரை ஈபிடிஎம் என்ற ரப்பர் தகடு. அதுவும் வெயிலில் பொடி உதிர்க்கும். மழை அதைக் கழுவிச் சுவர்மீது கோடுகோடாக இறக்கிவிடும். கூரையை விட்டுவிட்டுச் சுவரை மெருகேற்றினால் அடுத்த மழையிலேயே கோடுகள் திரும்பும். அந்த ரப்பருக்குப் பெட்ரோலியம் கலந்த எந்தத் திரவமும் ஆகாது, உப்பிவிடும். துருக்கறை வடிந்த இடங்களுக்கு ஆக்சாலிக் அமிலம் கலந்த துப்புரவுப் பொடி போதும். கையுறை போட்டுக்கொண்டு தேய்த்து, நன்றாக அலசிவிட வேண்டும். அதிவேக நீர்ப்பாய்ச்சியை ஜன்னல் ஓரங்களிலும் இணைப்புகளிலும் காட்டக் கூடாது. தண்ணீர் உள்ளே புகுந்தால் மங்கலைவிடப் பெரிய கேடு.

கழுவிக் காய்ந்த பிறகுதான் உண்மையான வேலை. தகடு வெயிலில் சுடக் கூடாது, நிழலில் ஆறியிருக்க வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி என்று ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்வார்கள். மெருகு இயந்திரத்தில் கம்பளி வட்டை மாட்டி, ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையைச் சுவரில் நாலைந்து பொட்டுகளாக வைத்து, இயந்திரத்தை இயக்குவதற்கு முன்பே வட்டால் பரப்பிவிடுவார்கள். இல்லாவிட்டால் பசை நாலு பக்கமும் தெறிக்கும். பிறகு மெதுவான வேகத்தில், முதலில் இடவலமாக, அடுத்து மேல்கீழாக, ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதன் பாதியை மிதித்துச் செல்லும்படி ஓட்ட வேண்டும். ஓரிடத்தில் இயந்திரம் நின்றுவிட்டால் சூட்டில் தோல் கருகும். பொடி பூத்த பரப்பு காம்பவுண்டைக் குடிக்கும். வட்டில் சுண்ணாம்புச் சேறுபோல ஒன்று திரளும். அதை அடிக்கடி தட்டி எடுத்துவிட வேண்டும். சேறு குறைந்து, பசை தெளிந்து, துணியால் துடைத்த இடத்தில் எதிரே நிற்பவரின் உருவம் தெரியத் தொடங்கும்போது அந்தச் சதுரம் முடிந்தது. அடுத்து நுரை வட்டும் மென்மையான பாலிஷும், முதல் சுற்று விட்டுச்சென்ற சுழிக்கோடுகளை அழிப்பதற்காக. காம்பவுண்டுக்கு மசியாத அளவு கெட்டுப்போன இடங்களுக்கு மட்டும் 1000, 1500, 2000 என்று படிப்படியாக வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளைப் போட்டு, ஈரம் குறையாமல் கையால் தேய்த்துவிட்டுக் காம்பவுண்டுக்கு வரலாம். உப்புத்தாளை எடுத்த எடுப்பிலேயே தொடுவது மருத்துவர் முதல் நாளே கத்தியை எடுப்பதற்குச் சமம்.

இந்த எச்சரிக்கைக்கு அடிப்படை ஒரு எண். ஜெல்கோட் பொதுவாகச் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். காரின் மேலுள்ள தெளிபூச்சு ஏறக்குறைய 50 மைக்ரான்தான். அதாவது ஜெல்கோட்டில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே கார்க்காரரை விட மோட்டார்ஹோம்காரருக்குக் கையிருப்பு அதிகம். ஆனால் அது வளராத கையிருப்பு. அச்சில் வார்த்த முன், பின் பகுதிகளைவிடத் தட்டையான பக்கச் சுவர்த் தகடுகளில் தோல் மெல்லியதாக இருக்கலாம். மடிப்பு விளிம்புகளில் இயந்திரத்தின் அழுத்தம் குவிவதால் அங்கேதான் முதலில் தேய்ந்து போகும். இரும்பின்மேல் பெயின்ட் தடிமனை அளக்கும் காந்தக் கருவி ஃபைபரில் வேலை செய்யாது; கண்ணையே நம்ப வேண்டும். நிறம் ஓரிடத்தில் கண்ணாடிபோல மெலிந்து அடிப்பகுதி நிழலாடினாலோ, இழைகளின் நெசவு தெரிந்தாலோ, உடனே நிறுத்திவிட வேண்டும். உலோகத்திலும் இதே விதிதான். ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் பழைய அலுமினியக் கேரவன்களைக் கண்ணாடிபோல மெருகேற்றும் ஆர்வலர்கள் அமெரிக்காவில் ஏராளம். அந்தத் தகட்டின் மேல் தூய அலுமினியம் மெல்லிய உறையாக இருக்கும். கண்ணாடிபோல மின்னுவது அதுதான். அதைத் தாண்டித் தேய்த்துவிட்டால் திரும்ப வராது.

இவ்வளவு பாடு எதற்கு, தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷை நாலு கோட்டிங் தடவினால் ஒரே நாளில் வண்டி மின்னுகிறதே என்று கேட்பார்கள். மின்னுகிறது என்பது உண்மை. அமெரிக்காவில் பழைய வண்டிக்காரர்கள் பலரும் கையாளும் வழி இது. இதை இகழ்ந்து தள்ளுவது நேர்மையாகாது. நனைத்த சுவர் மின்னியதே, அதே காரணத்தால்தான் இதுவும் மின்னுகிறது. அக்ரிலிக் பள்ளங்களை நிரப்பிச் சமமாக்குகிறது. தண்ணீர் காய்ந்துவிடும், இது காய்ந்து ஒட்டிக்கொள்ளும். சிக்கல் எங்கே என்றால், அடியில் பிடிமானமில்லாத பொடி அப்படியே கிடக்கிறது. உதிரும் சுண்ணாம்பின் மேல் டிஸ்டெம்பர் அடித்தால் என்ன ஆகும் என்று நம் ஊர்ப் பெயின்டரைக் கேட்டால் சொல்லிவிடுவார். பாலிஷ் பொடியைப் பிடித்துக்கொள்கிறது, சுவரைப் பிடிப்பதில்லை. கட்டடத்துக்குள் நடக்கும் தரைக்காகச் செய்த பொருளை வெட்டவெளியில் பூசும்போது வெயிலில் அது மஞ்சளடித்து, செதில் செதிலாக உரியவும் செய்யும். அப்போது அமோனியா கலந்த திரவத்தால் முழுக்க உரித்தெடுத்துவிட்டுத்தான் எதையும் தொடங்க முடியும். ஒருநாளில் முடிந்த வேலையைக் கழற்ற ஒரு வாரம் ஆகும். ஆனால் இதற்கும் ஓர் இடம் உண்டு. தோல் ஏற்கெனவே தேய்ந்து, இனி எடுக்க எதுவும் இல்லாத வண்டியில், பொடியை ஒட்டக் கழுவிவிட்டு, மெல்லிய பூச்சுகளாகப் போட்டு, ஆண்டுதோறும் கவனித்துக்கொள்ள முடியுமென்றால் இது நியாயமான வழியே. எடுக்க இருக்கும்போதே பூசி மூடுவதுதான் தவறு.

உழைப்பின் அளவைச் சொல்பவர்களின் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கணக்குப் போட்டே பார்ப்போம். முப்பதடி நீள வண்டியில் சுவர் உயரம் எட்டடி என்றால் இரு பக்கமும் சேர்த்து 480 சதுர அடி. முன்னும் பின்னும் சேர்த்தால் 600 சதுர அடியை நெருங்கும். நாலு சதுர அடிக்கு ஒன்றாக 150 சதுரங்கள். ஒவ்வொன்றுக்கும் காம்பவுண்டுக்கு ஐந்து நிமிடம், பாலிஷுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் 25 மணி நேரம். கழுவுவதும் மெழுகிடுவதும், ஏணியை நகர்த்துவதும் தனி. வயதான தோளுக்கு இது பெரிய சுமைதான். ஆனால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு வாரக் கடைசியில் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டால், செய்த பக்கத்தை அன்றே மெழுகிட்டு மூடிவிட்டு அடுத்த வாரம் தொடரலாம். முழு வண்டிக்கும் புதிதாகப் பெயின்ட் அடித்துவிடலாமே என்பவர்கள் இரண்டை யோசிக்க வேண்டும். அதற்குப் பல்லாயிரம் டாலர் ஆகும். பழைய வண்டியின் மதிப்பையே அது தின்றுவிடக் கூடும். மேலும், பொடி பூத்த தோலில் பெயின்ட்டும் நிற்காது. பெயின்டரும் முதலில் அதே பொடியை எடுத்தாக வேண்டும், உப்புத்தாள் போட்டாக வேண்டும். எடுக்கும் வேலையிலிருந்து தப்பிக்கும் வழி எதுவும் இல்லை.

எடுத்த பிறகு பூசுவதற்கு இடம் வருகிறது. ஆனால் இப்போது அதன் வேலை காவல் மட்டுமே. பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் வளரும் கார்னவுபா பனையின் ஓலைமேல் ஒரு மெழுகு படர்ந்திருக்கும். சுடும் வெயிலில் ஓலையின் ஈரம் வற்றிப்போகாமல் காக்கிற மெழுகு அது. வண்டிமெழுகுகள் பலவற்றின் அடிப்படை இன்றும் அதுதான். சில மாதங்கள் தாங்கும். செயற்கைப் பாலிமர் பூச்சுகள் கூடுதலாக நிற்கும். செராமிக் பூச்சுகள் அவற்றினும் நீடிக்கும். நீடிப்பதால் செராமிக்கைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அதுவும் காவல்காரர்தான், மருத்துவர் அல்ல. மங்கலின் மேல் போட்டால் மங்கலையே பல ஆண்டுகளுக்குப் பூட்டிவைக்கும். எந்தப் பூச்சானாலும் அதற்கும் வெயில் தேய்மானம் உண்டு. ஆண்டுக்கு இருமுறை கழுவி மெழுகிடுவதும், நிறுத்தும்போது நிழல் தேடுவதும், தெற்கும் வடக்கும் மாறிமாறி முகம் காட்டும்படி வண்டியைத் திருப்பி நிறுத்துவதும், எந்தப் புட்டியிலும் கிடைக்காத பாதுகாப்பு.

ஓடுகிற வண்டிக்கு அழகு எதற்கு, எஞ்சினையும் டயரையும் பார்த்தால் போதாதா என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். எஞ்சினுக்குத்தான் முதலிடம் என்பதில் மறுப்பில்லை. மெருகேற்றியதால் ஒழுகல் நிற்கும் என்றும் யாரும் நம்பக் கூடாது. மோட்டார்ஹோமைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். கூரை ஓரத்திலும் ஜன்னல் சட்டத்திலும் சீலன்ட் வெடித்து, நீர் கசிந்து, ஃபைபர் தகட்டுக்குப் பின்னாலுள்ள மெல்லிய ஒட்டுப்பலகையை அழுக வைத்து, சுவரை உப்ப வைத்துவிடும். இணைப்புகளை அடைக்காமல் சுவரை மின்ன வைப்பது, ஓட்டைக் கூரைக்குக் கீழே கோலம் போடுவது மாதிரி. ஆனால் 150 சதுரங்களையும் ஒவ்வொன்றாகக் கையால் துடைத்துச் செல்பவரின் கண்ணுக்குத் தப்பி எந்த விரிசலும் இருக்காது. உள்ளங்கையால் தடவிக்கொண்டே போகும்போது சுவர் ஓரிடத்தில் மெத்தென்று அமுங்கினால், உள்ளே ஈரம் இருக்கிறது என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். பொடி பூத்த தோல் அழுக்கையும் பூஞ்சையையும் உறிஞ்சிக்கொள்ளும். சமமான தோலில் அவை நிற்க இடமில்லாமல் தண்ணீரோடு போய்விடும். பராமரிப்பு சுலபமானால்தான் பராமரிப்பு நடக்கும். அழகு என்று நாம் சொல்வது இங்கே ஆரோக்கியத்தின் வெளிமுகம்.

பழைய மோட்டார்ஹோம்கள் ஒருவரோடு முடிவதில்லை. பயணம் போதும் என்று ஒருவர் விற்க, பயணம் போக வேண்டும் என்று இன்னொருவர் வாங்க, கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அந்த அரை மில்லிமீட்டர் தோலும் அவர்களோடு கைமாறுகிறது. முந்தியவர் தேய்த்ததுபோக மிஞ்சியதுதான் இன்றைய உரிமையாளர் கையில் இருக்கிறது; இவர் தேய்த்ததுபோக மிஞ்சுவதுதான் அடுத்தவருக்குக் கிடைக்கும். விளக்குக்கு அடியிலுள்ள அந்தச் செவ்வகத்தின் மினுக்கத்துக்கு நூற்றுக்கு நூறு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற ஆசை கடைசி நேரத்தில் எல்லோருக்கும் வரும். இன்னொரு சுற்று ஓட்டினால் வந்துவிடும் போலவும் இருக்கும். தொண்ணூறோடு இயந்திரத்தை அணைத்துவிட்டு மெழுகை எடுப்பவரே இந்தத் தொழிலைப் புரிந்துகொண்டவர்.